தாடிக்காரனின் சித்தப்பா

சந்தேகம் கொக்குக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. கண் பிறகு வந்து ஒத்து ஊதியது.

சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜூனியர் தடகளப் போட்டிக்காகப் பல நாடுகளிலிருந்து வந்திருந்த பிள்ளைகள், ஆளுக்கொரு நிறத்தில் மேல்சட்டை மாட்டிக்கொண்டு, தட்டும் கையுமாக இடம் தேடி அலைந்தார்கள். கொக்குக்கு ஒரு தூணை ஒட்டி இடம் கிடைத்தது. நீளக் கால், நீளக் கழுத்து. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர், வீட்டில் வைத்த பெயரை ஓரங்கட்டிவிட்டு, அவனோடு விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. பத்தாயிரம் மீட்டர் ஓட வந்திருக்கிறான். எதிரில் உட்கார்ந்திருந்தவன் அவன் அறைத்தோழன், மும்முறைத் தாண்டல்காரன். அணியில் எல்லோருக்கும் அவன் தவக்களை.

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

“சித்தப்பா, அந்த உப்பு டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

கண் காணாத ஊரில் நம் பேச்சு காதில் விழுந்தால் மனசு துள்ளத்தான் செய்யும். கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தான். சிவப்பு மேல்சட்டை, வேறு நாட்டு அணி. பேச்சு மட்டும் இதே தமிழ். கேட்டவன் குண்டு எறிகிறவனாக இருக்க வேண்டும். மேசையின் ஒரு பக்கம் முழுவதும் அவனே இருந்தான். முகத்தில் காடு மாதிரி தாடி. உப்பைத் தள்ளியவன் ஒல்லிக்குச்சி. வேகவைத்த முட்டையில் மஞ்சளை ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளையை மட்டும் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். அந்த ஒல்லி முகத்தைக் கொக்குக்கு நன்றாகத் தெரியும். அதே பத்தாயிரம் மீட்டர்தான். இந்த வருஷம் கொக்கை விட ஒரு மயிரிழை வேகமாக ஓடியிருந்தவன்.

“ஜூஸ் எடுத்துக்கலையா சித்தப்பா? நான் கொண்டாரவா?” என்றான் தாடிக்காரன்.

கொக்கு கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

“கேட்டியா?” என்றான் தவக்களையிடம்.

“என்னத்த?”

“சித்தப்பாங்கிறான்டா. வாங்க போங்கன்னு வேற பேசறான்.”

“பேசிட்டுப் போறான். உனக்கென்ன?”

“அந்தத் தாடியப் பாரு. அவனப் பாத்தாலே ரெண்டு புள்ளைக்கு அப்பன் மாதிரி இருக்கு. அவனுக்கே ஒருத்தன் சித்தப்பான்னா, அந்த ஒருத்தனுக்கு என்ன வயசு இருக்கும்?”

தவக்களை மென்றுகொண்டே யோசித்தான். “பென்ஷன் வாங்கற வயசுதான்” என்றான்.

கொக்கும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் விஷயம் அந்த மேசையோடு போயிருக்கும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. இந்தப் போட்டிக்கு இருபது வயது ஆகாதவர்கள்தான் வரலாம். கொக்குக்கு இதுதான் கடைசி வருஷம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நாட்டின் பயிற்சி மையத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தங்குவது, சாப்பிடுவது, ஓடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாலாவதாக வந்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். பிறகு அக்கா வீட்டுக்காரரின் டயர் கடைதான். மாமா தங்கமான மனுஷர், கடையும் கேவலமில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடுகிற வேலையைக் கொக்கு ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு செய்துவிட்டதாக நினைத்தான். ஓட்டை இருக்கிறது என்று நம்பித்தான் ட்யூபை அமுக்க வேண்டும். நம்பி அமுக்கினால் எங்கேயாவது ஒரு குமிழி வந்தே தீரும். அந்தப் பழக்கம் கையோடு நிற்கவில்லை, புத்திக்கும் ஏறியிருந்தது.

பத்தாயிரம் மீட்டரில் முன்னால் ஓடப்போகிற இருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வேறு ரகம், அவர்களை நெருங்க ஆளில்லை. மிச்சமிருந்தது மூன்றாவது இடம் ஒன்றுதான். அதற்குப் போட்டி கொக்கும் அந்தச் சித்தப்பாவும்.

அன்று மாலையே அவன் கண்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. பயிற்சித் திடலில் சித்தப்பா புல்லில் உட்காரும்போது “அப்பாடா” என்றான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டான். அறிவிப்புப் பலகையில் ஓட்ட நேரத்தைப் படிக்க இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். விடுதிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக, சிவப்புச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரே குரலில் “சித்தப்பா உக்காரட்டும், சித்தப்பா உக்காரட்டும்” என்றார்கள். அவனும் வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டான்.

“தள்ளி நின்னு படிக்கிறான்டா. வெள்ளெழுத்து!” என்றான் கொக்கு, அறைக்கு வந்ததும்.

அறை இரண்டு கட்டிலும் ஒரு ஜன்னலும். ஜன்னல் கம்பியில் இருவரின் காலுறையும் காய்ந்துகொண்டிருந்தது. தவக்களை கட்டிலில் மல்லாந்து காலைச் சுவரில் உயர்த்தி வைத்திருந்தான்.

“பலகை முன்னாடி ஒரே கூட்டம், அதான் தள்ளி நின்னிருப்பான்.”

“நெத்தியில ரெண்டு கோடு இருக்கு. கவனிச்சியா?”

“நான் ஏன் அவன் நெத்தியக் கவனிக்கணும்? நான் என்ன அவனுக்குப் பொண்ணு குடுக்கப் போறேனா?” தவக்களை திரும்பிப் படுத்தான். “நரையப் பாத்து உன்னை யாராவது கெழவன்னா சும்மா இருப்பியா நீ?”

அது சுருக்கென்று குத்தியது. கொக்கின் முன்நெற்றிக்கு மேல் ஒரு கொத்து முடி வெள்ளை. இளநரை, அப்பா வழியில் வருவது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தொப்பியை அவன் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினான். பிறர் பார்வை தன் தலையில் வந்து உட்காருவதற்குள் அதை வேறொரு நெற்றிப் பக்கம் திருப்பிவிடுகிற அவசரமும் அவனுக்கு இருந்திருக்கலாம். அப்போது அதை அவன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.

போன் அடித்தது. திரையில் ‘வாலு’ என்று வந்தது.

வாலு அவனுடைய அம்மாவின் கடைசித் தங்கை. அம்மா மூத்தவள். கொக்கு பிறந்து நடக்கப் பழகிய பிறகுதான் அவள் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், பென்சிலுக்கும் ஜன்னலோர இடத்துக்கும் அடித்துக்கொண்டவர்கள். சித்தி என்று கூப்பிடு என்று அம்மா எத்தனையோ தடவை காதைத் திருகியிருக்கிறாள். காது சிவந்ததே தவிர வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

“டேய், சாப்டியா?”

“சாப்ட்டேன்டி, வை.”

“டி போட்டா பல்லு உடையும். ஒழுங்கா சித்தின்னு சொல்லு.”

“உன் மூஞ்சிக்குச் சித்தி ஒண்ணுதான் கொறச்சல்.”

“நாளன்னைக்கு நல்லா ஓடு. சித்தியோட ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு.”

“போடி.”

போனை வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். “மோதிரம் போட்ட தடம்கூட விரல்ல இருக்குடா” என்றான். தவக்களை குறட்டை விட ஆரம்பித்திருந்தான், அல்லது விடுவது போல நடித்தான்.

மறுநாள் காலை கொக்கு மேனேஜரிடம் சொன்னான்.

அணி மேனேஜர் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கவிட்டிருப்பவர். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ஓட்டப்பந்தயம் காலால் ஜெயிப்பது பாதி, காகிதத்தால் ஜெயிப்பது பாதி என்பது அவர் கட்சி. கொக்கு பேசி முடிப்பதற்குள் அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

“நீ உன் காதால கேட்டியா?”

“கேட்டேன் சார். தவக்களையும் இருந்தான். ஒருத்தன் மட்டும் இல்ல சார், பஸ்ல டீமே சித்தப்பா சித்தப்பாங்குது.”

“அந்தத் தாடி?”

“அவன்தான் முதல்ல சொன்னான். அவனுக்கு இவன் சித்தப்பாவாம்.”

“அப்ப முப்பதத் தாண்டியிருப்பான்.” மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டார். “பாஸ்போர்ட்ல என்ன வேணா எழுதிக்கலாம். வாய் பொய் சொல்லாது பாரு. நான் பாத்துக்கறேன். நீ போயி கால நீட்டிப் படு.”

புகார் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லையே, கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதானே என்று கொக்கு தன்னிடமே சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். ஆனால் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் ஒன்றும் அவன் சொல்லவில்லை. அதுவும் உண்மைதான்.

போட்டி நாள் மாலை. ஓடுவதற்கு முன் எல்லோரையும் அடைத்து வைக்கிற அழைப்பு அறைக்கு வாசல் ஒன்றுதான், ஜன்னல் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவரவர் எண் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். தைல நெடி. யாரோ விடாமல் தரையில் குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தான். கொக்குக்குப் பக்கத்து நாற்காலி சித்தப்பாவுக்கு விழுந்தது.

“தம்பி, ஊக்கு ஒண்ணு இருக்குமா? என் நம்பர் ஒரு பக்கம் தொங்குது.”

தம்பியாமே! தானாகவே மாட்டிக்கொள்கிறான் என்று கொக்கு நினைத்தான். ஊக்கைக் கொடுத்தான்.

“நாம ஒரே பாஷைன்னு உங்க ஆளுங்க பேசறதக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வந்து பேசலாம்னுதான் இருந்தேன். நீ மொறைச்சுக்கிட்டே இருந்தியா, பயமாப் போச்சு” என்று சித்தப்பா சிரித்தான்.

“நான் எங்க மொறைச்சேன்?”

“சரி, மொறைக்கல. உன் கண்ணு அப்படி.”

சோதிக்க வந்த அதிகாரி கொக்கிடம் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். அறையில் இருந்த அத்தனை பார்வையும் அந்த வெள்ளைக் கொத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனதாக அவனுக்குத் தோன்றியது. சித்தப்பா மட்டும் குரலைத் தாழ்த்தி, “எங்க பெரியண்ணனுக்கும் இப்படித்தான். காலேஜ் படிக்கறப்பவே வந்துருச்சாம். நல்லாத்தான் இருக்கு” என்றான்.

கொக்கு தொப்பியை மடித்துப் பையில் திணித்தான். நல்லவன் மாதிரி நடிக்கிறவனிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்று மாமா டயர் கடையில் அடிக்கடி சொல்வார்.

அப்போதுதான் ஒரு பெண் அதிகாரி உள்ளே வந்து சித்தப்பாவின் எண்ணைச் சொல்லித் தனியே கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார். அவன் முதலில் புரியாமல் சிரித்தான், பிறகு சிரிப்பு வடிந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து நம்பரைச் சரிசெய்யப் போனபோது ஊக்கு விரலில் ஏறியது.

“என்னாச்சு?” என்று கேட்டான் கொக்கு. கேட்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் கேட்டான்.

“என் வயசு மேல எவனோ கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கான். இப்ப ஓடலாமாம். ஆனா மெடல் வந்தா விசாரிச்சுட்டுத்தான் தருவாங்களாம்.” ரத்தம் துளிர்த்த விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

துப்பாக்கி வெடித்தது. இருபத்தைந்து சுற்று என்பது பார்க்கிறவர்களுக்கு ஒரே வட்டம், ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு தெரு. முதல் சில தெருக்களில் எல்லோரும் ஒரே கும்பலாக, முழங்கை முழங்கையில் இடிக்க ஓடினார்கள். ஆணி வைத்த காலணிகள் சிவப்புத் தளத்தில் மழை பெய்வது போலச் சடசடத்தன. பிறகு அந்த இருவரும், ஏதோ வீட்டு வேலை ஞாபகம் வந்தவர்கள் மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் முன்னால் போனார்கள். அவர்கள் போன போக்கைப் பார்த்துவிட்டு யாரும் பின்தொடரவில்லை.

கும்பல் இழுபட்டு நூலாயிற்று, நூல் அறுந்து துண்டுதுண்டாயிற்று. பாதி ஓட்டம் முடிந்தபோது மூன்றாவது இடத்துக்கு ஐந்து பேர் இருந்தார்கள். சித்தப்பா எல்லோருக்கும் முன்னால் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினான். கொக்கு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அது நல்ல உபாயம்தான். ஆனால் அந்த முதுகை அவன் ஓட்டக்காரனாகப் பார்க்கவில்லை, துப்பறிகிறவனாகப் பார்த்தான். பிடரியில் சுருக்கம் இருக்கிறதா? காதோரம் சாயம் பூசிய முடியா? முப்பது வயதுக்காரனின் தோள் இப்படித்தான் அசையுமா? மூச்சை எண்ண வேண்டிய நேரத்தில் அவன் இன்னொருத்தன் வயதை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒருவன் கழன்றான். இன்னொருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். மூன்றாமவனும் பின்தங்க, இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த பையன்களை அவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒவ்வொரு முறையும் சித்தப்பா வெளிப்பக்கம் விலகி முன்னேற, கொக்கு அவன் நிழலில் ஒட்டிக்கொண்டே போனான். கால்கள் கனத்தன, ஆனால் செத்துவிடவில்லை. உள்ளே இன்னும் கொஞ்சம் இருந்தது. ஓடுகிறவனுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. சித்தப்பா வேகமெடுத்தான். கொக்கும் கூடவே வந்தான். தூரத்து நேர்கோட்டில் வெளிப்பக்கம் இரண்டாம் தடம் காலியாக, வா வா என்று திறந்து கிடந்தது. போக வேண்டிய இடம் அதுதான்.

அங்கேதான் அந்த எண்ணம் வந்தது. எதற்கு? புகார்க் காகிதம்தான் போய்விட்டதே. இவன் மூன்றாவதாக வந்தாலும் பலகையில்தான் மூன்றாவது. விசாரணை முடிந்தால் இவனைத் தூக்கிவிடுவார்கள், நாலாவதாக வருகிறவன் மூன்றாவதாகிவிடுவான். ஐந்தாவது ஆள் எங்கேயோ பின்னால் வருகிறான். எதற்கு உயிரைக் கொடுத்து இப்போது வெளியே விலக வேண்டும்? விலகிப் போராடி, அப்படியும் இந்தக் கிழவனிடம் தோற்றுவிட்டால்?

கொக்கு விலகவில்லை. கடைசி வளைவிலும் விலகவில்லை. கோடு வரைக்கும் சித்தப்பாவின் முதுகு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

கோட்டுக்கு அப்பால் மேனேஜர் மூன்று அட்டைகளும் ஆட ஓடிவந்து துண்டைப் போர்த்தினார். “போர்டு நாலுங்குது. நான் மூணுங்கறேன். நீ பேசாம போயி குளி. புகார் விசாரிக்கற ரூம்ல நான் இருக்கேன்.”

பார்வையாளர் மாடத்துக்கு அடியில் சிமென்ட் நடைவழி ஒன்று உண்டு. சித்தப்பா அதில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து காலணியின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தான். கொக்கைப் பார்த்ததும் பக்கத்தில் கையால் தட்டினான். உட்காராமல் போனால் நன்றாக இருக்காது என்று கொக்கு உட்கார்ந்தான்.

“ஏன் தம்பி நீ வரல?”

“எங்க?”

“கடைசியில. உன் மூச்சு என் பிடரிலயே இருந்துச்சு. இப்ப வருவே, இப்ப வருவேன்னு பயந்துக்கிட்டே ஓடினேன். எனக்கு முந்நூறு மீட்டர் முன்னாடியே கால் போயிருச்சு. நீ வந்திருந்தா நான் செத்தேன்.”

அந்த நேரம் பார்த்து நடை அதிரத் தாடிக்காரன் வந்தான். வந்த வேகத்தில் சித்தப்பாவின் முன்னால் மண்டியிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“எல்லாம் என்னாலதான் சித்தப்பா! நான் கூப்பிடறதப் பாத்துத்தான் டீமே அப்படிக் கூப்பிடுது, அத எவனோ ஒட்டுக் கேட்டுட்டுப் போயி வத்தி வெச்சிருக்கான்!”

“நான்தான் ஊர்லயே சொன்னேன்ல, வெளியில பேர் சொல்லிக் கூப்பிடுடான்னு.”

“கூப்பிட்டா அப்பா தோல உரிச்சுருவாரு. உங்களுக்குத் தெரியாதா?” தாடிக்காரன் கொக்கின் பக்கம் திரும்பினான். “தம்பி, நீயே சொல்லு. நீ நம்ம பேச்சு பேசறவன், உனக்குப் புரியும். எங்கப்பா மூத்தவரு, இவரு கடைசி. நான் பொறந்த அடுத்த வருஷம் இவரு பொறந்தாரு. வயசுக்கு நான் பெரியவன், முறைக்கு இவரு சித்தப்பா. இது ஒரு ஊர்ல நடக்காத விஷயமா? விசாரிக்கற ரூம்ல இருக்கற ஆபீசர் அம்மாவுக்கு எப்படிச் சொன்னாலும் புரியல. எல்லாத்துக்கும் அங்கிள்னு ஒரே வார்த்தை வெச்சிருக்காங்க. உன்னை விடப் பெரியவன் உன்னை ஏன் அங்கிள்ங்கிறான்னு கேக்கறாங்க. எங்க மேனேஜருக்கும் நம்ம பாஷை தெரியாது. கூட இருக்கறவனுங்க சொன்னா, உங்க டீம்தானேன்னு தள்ளிவிட்டுர்றாங்க. நீ வெளி ஆளு, நீ வந்து ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க. வர்றியா?”

கொக்கு மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு வயது. தாடி அதிகம், வயது ஒன்று அதிகம். இவ்வளவுதானா?

“எனக்கு... ஊக்கமருந்து டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க” என்று மென்று விழுங்கிவிட்டு எழுந்தான். அப்படி யாரும் கூப்பிடவில்லை.

கழிவறையில் குழாயைத் திறந்து தலையைக் காட்டினான். பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். சித்தப்பாவின் வயதை விசாரிக்க ஊருக்கு எழுதி, பள்ளிக்கூடத்தில் கேட்டு, பதில் வந்து, அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை மூன்றாவது இடம் கொக்கின் கணக்கில் நிற்கும், பயிற்சி மையத்துக்கு ஆளெடுப்பதும் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆனால் இன்னொரு சந்தேகம், இந்த முறை தன் மேலேயே, தொட்டித் தண்ணீரில் குமிழி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தது. எனக்கு நிஜமாகவே தெரியாதா? அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேனா?

போன் அடித்தது. வாலு.

“டேய், டிவியில காட்டலடா. என்னாச்சு? ஏன்டா பேச மாட்டேங்கிற? அழறியா? சித்தி கேக்கறேன்ல, சொல்லுடா.”

கொக்கு கண்ணாடியைப் பார்த்தான். ஈர முடியில் வெள்ளைக் கொத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்காகக் கூப்பிட்டுப் பழகியிருந்தால் அந்த வார்த்தைக்கு வயது கிடையாது என்று அவன் காதுக்கே தெரிந்திருக்கும். வீட்டில் ஒரு சித்தியை வைத்துக்கொண்டு, ஊரில் ஒரு சித்தப்பாவைத் துப்பறிந்திருக்கிறான்.

“போன வெச்சிராத. கையிலயே வெச்சிரு. கூப்பிடறேன்” என்றான்.

புகார் விசாரிக்கிற அறையில் நீள மேசை, அதன் பின்னால் அழைப்பு அறைக்கு வந்த அதே பெண் அதிகாரி. எதிரில் ஒரு பக்கம் சித்தப்பாவும் தாடிக்காரனும் அவர்களுடைய மேனேஜரும். மறுபக்கம் அணியின் நீலச் சட்டையில் கொக்கின் மேனேஜர். கொக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இந்தா, கேட்டவனே வந்துட்டான்” என்றார் தமிழில்.

தாடிக்காரன் மேனேஜரின் நீலத்தைப் பார்த்தான், கொக்கின் நீலத்தைப் பார்த்தான். அவன் தாடிக்குள் முகம் மெல்ல மாறியது.

“நீயா?”

“நான்தான் சொன்னேன்” என்றான் கொக்கு. “தப்பாச் சொல்லிட்டேன்.”

“டேய், என்னடா ஒளர்ற?” என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு. “மெடலுடா. உன் மெடலுடா.”

“சார், அது உறவுமுறை சார். வயசு இல்ல. உங்களுக்கே தெரியும்.”

மேனேஜர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கொக்கு தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பெண் அதிகாரியிடம் விளக்க முற்பட்டான். அண்ணன், தம்பி, அண்ணன் மகன் என்று மேசையில் இருந்த பேனா, ரப்பர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக நிறுத்திவைத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அங்கிள் என்றால் பெரியவர்தானே என்று மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்தார். வெளி ஆளின் வார்த்தையும் பலிக்கவில்லை.

கொக்கு போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டான். முதல் மணியிலேயே திரை முழுக்க ஒரு முகம் வந்தது. பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், வாயில் பாதி பிஸ்கட். பின்னால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளின் இரைச்சல். போனை அதிகாரியின் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

“மேடம், திஸ் இஸ் மை ஆன்ட்டி” என்றான். பிறகு போனைப் பார்த்து, “இவங்க கேட்டா நீங்க யாருன்னு சொல்லுங்க, சித்தி” என்றான்.

போனில் பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது.

“என்ன சொன்ன?”

“சித்தின்னு சொன்னேன்.”

“நீங்கன்னு வேற சொன்னியே!”

“சித்தி, சொல்லித் தொலைங்க.”

வாலு வாயைத் துடைத்துக்கொண்டாள், பின்னலைச் சரிசெய்தாள், மேடைப் பேச்சுப் போட்டிக்கு நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்தாள். “யெஸ் மேடம். ஐ ஆம் ஹிஸ் மதர்ஸ் சிஸ்டர். ஹி இஸ் நைன்டீன், ஐ ஆம் செவன்டீன். பட் ஐ ஆம் ஹிஸ் ஆன்ட்டி. ஹி மஸ்ட் ரெஸ்பெக்ட் மீ.”

பெண் அதிகாரி திரையைப் பார்த்தார், கொக்கின் நரைக் கொத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு தாடிக்காரனையும் சித்தப்பாவையும் பார்த்தார். உதடு துடித்தது. ஒரு நிமிஷம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே மேனேஜரின் புகார்த் தாளை அவர் பக்கமாகவே தள்ளினார். மேனேஜர் அதை எடுத்து, நாலாக மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தாடிக்காரன் சிரிக்கவில்லை. சித்தப்பா எழுந்து கொக்கின் பக்கம் வந்தான். அடிப்பானோ என்று கொக்கு நினைத்தான். சித்தப்பா தன் மேல்சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “உன்னோடது” என்றான். அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி பத்தாயிரம் மீட்டர் பரிசளிப்புக்கு மூன்று எண்களைக் கூப்பிட்டது.

“டேய், இருக்கியா?” போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. “என்னை வெச்சு என்னமோ வேல பாத்திருக்க, அது அப்புறம். முதல்ல இதச் சொல்லு. எத்தனாவது வந்தே?”

கொக்கு ஊக்கை எடுத்து மூடினான்.

“நாலாவது, சித்தி.”